படத்தில் வராத பலகை

என் அண்ணிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது; தாழும். அவர் உரக்கப் பேசிக்கொண்டிருக்கும்வரை வீட்டில் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. பேச்சு அடங்கி, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே வந்து விழத் தொடங்கினால், என் அண்ணன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு நடைப்பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார். அருங்காட்சியகத்தின் மூன்றாம் கூடத்தில், சுவரில் வரையப்பட்டிருந்த ஒரு பெரிய படத்தின் முன் நின்று, "இது நான்" என்று அண்ணி சொன்னபோது அவருடைய குரல் அப்படித்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

அது ஒரு கட்டடக் கலைஞரைப் பற்றிய கண்காட்சி. அவர் மறைந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் எழுப்பிய கட்டடங்களைத் தெருவில் போகிறவர்களே பார்த்துக்கொள்ளலாம் என்பதால், கட்டடங்களுக்கு அப்பால் அவர் சிந்தித்தவற்றை மட்டும் திரட்டி ஐந்து கூடங்களில் வைத்திருந்தார்கள். முதல் கூடத்தில் விளக்குகளும், காம்பு வளைந்த ஒரு கரண்டியும் இருந்தன. இரண்டாம் கூடத்தில், வாகன இரைச்சலைக் கண்டித்து அவர் செய்தித்தாளுக்கு எழுதிய கடிதங்களும், கூட்டங்கள் விரைவில் முடியவேண்டும் என்பதற்காகவே வசதியில்லாமல் செய்யப்பட்ட ஒரு நாற்காலியும் இருந்தன. உட்கார்ந்து பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. நான் உட்கார்ந்தேன், உடனே எழுந்துவிட்டேன்.

"சொன்னதைச் செஞ்சிருக்கார் மனுஷன்" என்றேன். அண்ணி சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

மூன்றாம் கூடத்துக்குக் ‘கை எட்டும் தூரம்’ என்று பெயர். சுவர் முழுவதும் ஒரே படம். ஒரு பெண் பக்கவாட்டில் நின்று வலக்கையை மேலே நீட்டியிருக்கிறாள். கறுப்புக் கோட்டாலான ஆளுயர உருவம். முகத்தில் மூக்கும் மோவாயும் தவிர வேறொன்றும் இல்லை. தரையிலிருந்து முழங்கால், இடுப்பு, முழங்கை, தோள், விரல்நுனி என ஒவ்வோர் உயரத்துக்கும் ஓர் எண் இருந்தது. அந்த எண்களிலிருந்து சமையல் மேடை, அலமாரித் தட்டு, சுவிட்சு, மருத்துவமனைக் கட்டில் என்று அம்புக்குறிகள் புறப்பட்டன. மேலே பெரிய எழுத்தில், ‘சாதாரணப் பெண்ணின் உடல் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்ட கலைஞர்’ என்று எழுதியிருந்தார்கள்.

எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் தன் கணவரிடம், "காலைப் பாருங்களேன், எவ்வளவு நீளமா, அழகா இருக்கு" என்றாள்.

அண்ணி திரும்பினார். "அந்தக் காலை நீட்டினது நான்தாம்மா" என்றார்.

அவர்கள் இருவரும் மரியாதையாகப் புன்னகை செய்துவிட்டு நான்காம் கூடத்துக்குப் போய்விட்டார்கள்.

என் அண்ணி அந்தக் கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் பதின்மூன்று ஆண்டுகள் டிரேசராக வேலை பார்த்தவர். பென்சிலால் வரைந்த படத்தின்மேல் மெல்லிய தாளை விரித்து, கறுப்பு மையால் அதை அப்படியே படியெடுப்பவரை டிரேசர் என்பார்கள். கணினி வருவதற்கு முன் இருந்த வேலை அது. அலுவலகத்தில் கட்டடக் கலைஞருக்கு ‘அளவுகாரர்’ என்று பட்டப்பெயர். சட்டைப்பையில் எப்போதும் அளவு நாடா இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும், வாங்க என்று சொல்வதற்குள் அவர்கள் வீட்டுப் படியை அளந்துவிடுவார் என்பார்கள்.

அங்கே நான்கு ஆண் டிரேசர்கள் இருந்தார்கள். ஐந்தாவதாக அண்ணி சேர்ந்தார். வயது இருபத்திரண்டு. மேசைகள் எல்லாம் ஆண்கள் நின்றுகொண்டு வரையும் உயரத்தில் தரையோடு இறுக்கப்பட்டவை. முதல் வாரம் முழங்கையை ஊன்ற இடமின்றி அண்ணியின் கோடு நடுங்கியது. தலைமை டிரேசர் தச்சரைக் கூப்பிட்டு, மேசையின் அடியில் ஒரு பலகையை அடித்துப் போடச் சொன்னார். எட்டு சென்டிமீட்டர் உயரம்.

"ஏறி நில்லும்மா. இனிமே நீயும் எங்க உயரம்" என்றார். மற்ற மூவரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். கோடு நேராகிவிட்டது. அதன் பிறகு அந்தப் பலகை அவருடைய உடம்பில் ஓர் உறுப்பு மாதிரி ஆகிவிட்டது; அதன்மேல் நிற்கிறோம் என்ற நினைவே அவருக்கு வருவதில்லை.

மூன்றாம் மாதத்தில் ஒருநாள் காலை அளவுகாரர் தம் உதவியாளருடன் வேகமாக உள்ளே வந்தார். ஒரு மாநாட்டில் பேசவேண்டும். வேலை செய்யும் பெண் ஒருத்தியின் அளவுகள் உடனே வேண்டும். அலுவலகத்தில் இருந்த ஒரே பெண் அண்ணிதான்.

"வேலை செய்யும்போது எப்படி நிப்பியோ அப்படியே நில்லு. இடத்தை விட்டு நகராதே" என்றார்.

உதவியாளர் நாடாவின் நுனியைத் தரையில் வைத்து அழுத்திக்கொண்டார். அளவுகாரர் மேலே பிடித்துப் படித்தார்.

"சார், கீழ பலகை இருக்கு" என்றார் அண்ணி.

"நேரா பாரும்மா. கழுத்து அசையுது."

அவ்வளவுதான் அன்றைய உரையாடல். மறுநாள் பென்சில் படம் அண்ணியின் மேசைக்கு வந்தது. அதில் பெண்ணின் பாதத்துக்குக் கீழே பலகை ஒழுங்காகத்தான் இருந்தது. அண்ணி மேலே தாளை விரித்துத் தலையிலிருந்து வரைந்துகொண்டு வந்தார். முழங்காலுக்கு வந்தபோது அளவுகாரர் பின்னால் நின்று பார்த்தார்.

"அந்தப் பலகை எதுக்கு? அது இருந்தா படம் அழுக்காத் தெரியுது. அதை விட்டுடு. காலை மட்டும் தரைவரைக்கும் இழுத்துடு."

டிரேசர் பகுதியின் சுவரில் ஓர் அட்டை தொங்கும். ‘டிரேசர் யோசிப்பதில்லை’ என்று அதில் எழுதியிருக்கும். அதை வேடிக்கைக்காக மாட்டவில்லை. பென்சில் படத்தில் சுவர் கோணலாக இருந்தால், கோணலாகவே படியெடுக்கவேண்டும். அதுதான் அந்த வேலையின் ஒழுக்கம். அண்ணி காலை இழுத்தார். முழங்காலுக்குக் கீழே தம்முடைய காலைத் தாமே எட்டு சென்டிமீட்டர் நீட்டி, பாதத்தை வரைந்து, தரைக் கோட்டையும் போட்டார். எண்களை மாற்றும்படி யாரும் சொல்லவில்லை, அவரும் மாற்றவில்லை.

"கை நடுங்கலையா அண்ணி?" என்று பிற்காலத்தில் ஒருமுறை கேட்டேன்.

"நடுங்கல. நல்லா வந்துச்சு கோடு. எனக்கு ஆத்திரமே அதுதான்."

மாநாட்டில் அந்தப் படத்துக்கு ஏகப்பட்ட பாராட்டு. அளவுகள் சிறு புத்தகமாக அச்சாயின. ஊரில் புதிதாகக் கட்டிய குடியிருப்புகள் எல்லாம் அந்தப் புத்தகத்தைப் பார்த்தே கட்டப்பட்டன. அவற்றுள் ஒன்றில் நாங்கள் குடியேறினோம். இருபத்துநான்கு வீடுகள். வேலையில் சேர்ந்து இரண்டாண்டுகள் ஆனபோது என் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு அண்ணி அங்கே வந்தார்.

முதல் நாள் காலை அவர் சமையல் மேடை முன் நின்றதை நான் பார்த்தேன். காய் நறுக்கக் கத்தியை எடுத்தவர், நறுக்காமல் முழங்கையை மேடைமேல் வைத்தார். தோள் காதுக்கு ஏறியது. பிறகு குனிந்து கீழே பார்த்தார். அங்கே என் அம்மா கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு மரப்பெட்டி இருந்தது.

"இது யாருக்கு?" என்று கேட்டார்.

"அம்மாவுக்கு. எனக்கு வேற இருக்கு" என்று சாக்குத் துணியில் சுற்றிய இரண்டு செங்கற்களைக் காட்டினேன். "எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் கொஞ்சம் குட்டை, அண்ணி."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். அன்று மாலைக்குள் ஏதேதோ காரணம் சொல்லிப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்வந்தார். இருபத்துநான்கு வீடுகளில் பத்தொன்பதில் ஏதோ ஒன்று இருந்தது. பலகை, பெட்டி, செங்கல், கட்டிவைத்த பழைய புத்தகங்கள். விருந்தினர் வந்தால் எல்லாரும் அதைக் காலால் மேடைக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். ஒவ்வொருத்தியும் தான் மட்டுமே குட்டை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நானும்தான். என் வீட்டுக் குறையை மறைப்பதாக எண்ணி, அந்தச் செங்கற்களை எத்தனை முறை காலால் தள்ளியிருப்பேன்.

மறுநாள் அண்ணி அளவுகாரரின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பிஸ்கட் தட்டை அண்ணியின் பக்கம் நகர்த்தினார்.

"தலைமுறைக்குத் தலைமுறை பெண்கள் உயரமாகிட்டு வராங்கம்மா. இன்னும் ரெண்டு தலைமுறை போனா சரியா இருக்கும். நான் எதிர்காலத்துக்கு அளந்திருக்கேன்னு வெச்சுக்கோயேன்" என்றார்.

அண்ணி பிஸ்கட்டைத் தொடாமல் எழுந்து வந்தார். தம் மேசைக்குப் போனார். அங்கே மருத்துவமனைக் கட்டிலுக்கான படம் காத்திருந்தது, அதே எண்கள். படியெடுத்தார். அதன்பின் பதினோர் ஆண்டுகள் படியெடுத்தார். வீட்டில் வேலை செய்து முடித்ததும், அண்ணன் எங்கோ தேடி வாங்கிவந்த தேக்குப் பலகையிலிருந்து இறங்குவார். அலுவலகம் போனதும் அங்கேயிருந்த பலகையில் ஏறுவார். அண்ணன் அவருக்கு ‘அரைச்சாண்’ என்று செல்லப்பெயர் வைத்தார். கேலிதான், அன்பில்லாமல் இல்லை. ஐம்பது வயதில் அண்ணியின் வலத்தோள் விழுந்துவிட்டது. தலை பின்னக்கூடக் கை எழாது.

இத்தனையும் பழங்கதையாகவே போயிருக்கும். ஆனால் கூடத்தில் படத்துக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு இருந்தது. நகர வீட்டுத் துறை புதிதாகக் கட்டவிருக்கும் மூவாயிரம் வீடுகளுக்கு இந்த அளவுகளையே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்றும், அளவுப் புத்தகத்தின் புதிய பதிப்பு கண்காட்சியின் நிறைவு நாளில் வெளிவரும் என்றும் அதில் எழுதியிருந்தது. அண்ணி அதை இரண்டு முறை படித்தார்.

"இன்னும் மூவாயிரம் பலகை" என்றார். பிறகு, "இங்க பொறுப்புல இருக்கறவங்களைப் பாக்கணும். வா" என்றார்.

கண்காட்சிப் பொறுப்பாளர் முப்பத்தைந்து வயதுப் பெண். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே தேடுகிறவர். படத்தில் இருக்கும் பெண் நேரில் வந்திருக்கிறார் என்று கேட்டதும் அவருக்கு அளவில்லாத மகிழ்ச்சி. நாற்காலி போட்டார், பேட்டி எடுக்கலாமா என்றார். அண்ணி பலகையின் கதையைச் சொல்லி முடித்தார். மகிழ்ச்சி குறைந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வயசானா எல்லாரும் கொஞ்சம் உயரம் குறைவாங்க. அதனால உங்களுக்கு அப்படித் தோணலாம் இல்லையா?"

அண்ணியின் குரல் தாழ்ந்தது. "முதுகு குறுகும். முழங்காலுக்குக் கீழ இருக்கற எலும்பு குறுகாது. ஒரு நாடா எடுத்துட்டு வாங்க."

பொறுப்பாளர் நாடாவோடு வந்தார். படத்துக்குப் பக்கத்தில், வந்தவர்கள் எல்லாரும் பார்க்க, அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பொறுப்பாளர் தரையில் மண்டியிட்டு அளந்தார். படத்தில் முழங்காலுக்கு ஐம்பத்திரண்டு என்றிருந்தது. நாடாவில் நாற்பத்துநான்கு.

மண்டியிட்டபடியே அவர் நிமிர்ந்து பார்த்தார். அண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க வீட்டு அடுப்படியில கீழ என்ன போட்டிருக்கீங்க?"

அவர் நாடாவைச் சுருட்டினார். "முக்காலி" என்றார். "எங்க மாமியாரோடது."

இருந்தாலும், புத்தகத்தில் ஒரு புள்ளியை மாற்றுவதற்கும் அளவுகாரரின் மகன் ஒப்பவேண்டும். தந்தையின் பெயரால் இயங்கும் அறக்கட்டளை அவர் கையில் இருந்தது. அடுத்த வாரம் அவரைச் சந்திக்கப் பொறுப்பாளர் ஏற்பாடு செய்தார். அண்ணி தேக்குப் பலகையை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தார். வாயிற்காவலர் பையைத் திறந்து பார்த்து, "என்னம்மா, தச்சு வேலையா?" என்றார்.

"சாட்சி" என்றார் அண்ணி.

மகன் அறுபதை நெருங்கியவர், மென்மையாகப் பேசுகிறவர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். மேசைமேல் இருந்த பலகையை மரியாதையோடு தொட்டும் பார்த்தார். பிறகு, "ரொம்ப நெகிழ்ச்சியா இருக்கும்மா" என்றார். "இந்தப் பலகையை எங்களுக்குக் குடுத்துடுங்க. கண்ணாடிப் பெட்டியில, உள்ளுக்குள்ள விளக்குப் போட்டு வைக்கிறோம்."

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள போயிட்டா, நான் எதுல ஏறி நின்னு சமைக்கிறது?"

அவர் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை என்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"சரி, படத்துக்குக் கீழ உங்க பேரைப் போட்டுடறோம். அது நியாயம். அப்பாவே அதைச் செஞ்சிருக்கணும்."

"பேர் வேண்டாம் தம்பி. பேரைப் போட்டா தப்பும் என் பேர்ல போகும். எண்ணை மாத்துங்க. மேடை தொண்ணூத்திரண்டு இல்லை, எண்பத்துநாலு. எல்லாத்துலயும் எட்டு கழியணும்."

"எண்ணைத் தொட முடியாதும்மா. அது அப்பாவோட ஆவணம். சரித்திரம். வேணும்னா படத்துல கால்கீழ பலகையைச் சேர்த்துக்கலாம். பாக்கவும் நல்லா இருக்கும்."

அறையில் அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. எதையாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்து, தண்ணீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணியின் பேச்சு ஏறத்தாழ முணுமுணுப்பாகிவிட்டது. மகன் முன்னால் குனிந்து கேட்கவேண்டியிருந்தது.

"எண்ணை அப்படியே விட்டுட்டுப் பலகையை மட்டும் வரைஞ்சா என்ன அர்த்தம்? வீட்டுக்கு வீடு பலகை போட்டே ஆகணும்னு அர்த்தம். சரித்திரம்னா கண்ணாடிக்குள்ள வைங்க. மூவாயிரம் அடுப்படியில கொண்டுபோய் வைக்காதீங்க. உங்க அப்பா கரண்டிக் காம்பை வளைக்க ஆறு மாசம் யோசிச்சாருன்னு கீழ எழுதி வெச்சிருக்கீங்க. எனக்காக ஆறு நிமிஷம் குனிஞ்சு பாக்கலை."

மகனின் முகம் சிவந்தது. மென்மை மட்டும் மாறவில்லை. "உங்க வருத்தம் புரியுது. ஆனா இது முடிஞ்ச விஷயம்" என்றார். பிறகு, பேச்சை நல்லபடியாக முடிக்க விரும்பியோ என்னவோ, இன்னொன்றும் சொன்னார். பழைய தாள் விரிசல் விட்டுவிட்டது, அச்சுக்கு ஆகாது. கணினியில் வரைந்து பார்த்தார்கள். தந்தையின் கோடு அதில் வரவில்லை. "அந்தக் கோடு உங்க கையிலதானே இருந்துச்சு. நீங்களே திரும்பப் படியெடுத்துக் குடுத்தா எங்களுக்குப் பெருமை."

அண்ணிக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்திருக்கும் என்று நான் நினைத்தேன். ஆனால் அவர், "குடுக்கறேன்" என்றார்.

பேருந்தில் திரும்பும்போது நான் அவரோடு பேசவில்லை. நாற்பத்துநான்கு ஆண்டுகளாக நெஞ்சில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டு, அதே பொய்யை மறுபடியும் வரைந்து தருவதாக ஒப்புக்கொண்டு வருகிறவரிடம் என்ன பேசுவது? இறங்கும்போது ஒன்று மட்டும் கேட்டேன்.

"ஏன் அண்ணி சரின்னீங்க?"

"டிரேசர் வேலை தெரியாதவன் டிரேசரைக் கூப்பிடறான். போகாம இருப்பேனா?" என்றார்.

சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து அவர் வரைந்தார். காலை வெளிச்சத்தில் மட்டும், நாளுக்கு ஒன்றரை மணி நேரம். வலத்தோள் வலிக்கும், இடக்கையால் வலமுழங்கையைத் தாங்கிக்கொண்டு வரைவார். வீட்டில் எல்லாரும் அடுப்படியிலேயே நின்று சாப்பிட்டோம். அண்ணன் ஒருமுறை, "அரைச்சாண், ஒரு ஓரத்துல தட்டு வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"இன்னொரு தடவை அந்தப் பேரைச் சொன்னீங்கன்னா, தட்டு வைக்க மடிதான் கிடைக்கும்" என்றார் அண்ணி, தலை நிமிராமலே. அண்ணன் தட்டோடு வாசலுக்குப் போனார். அந்தப் பெயரை அதன்பின் அவர் சொல்லவேயில்லை.

எட்டாம் நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அதே பெண், அதே மூக்கு, அதே நீட்டிய கை. ஆனால் முழங்காலுக்குக் கீழே கால் எவ்வளவு நீளம் இருக்கவேண்டுமோ அவ்வளவே இருந்தது. பாதத்தின் கீழே தரைக்கோடு. தரைக்கோட்டுக்கும் கீழே விட்டு விட்டு வரைந்த கோட்டால் ஒரு பலகை.

"இது ஏன் விட்டு விட்டு?"

"இடிச்சு எடுக்கவேண்டியதை அப்படித்தான் காட்டறது."

எண்கள் அனைத்திலும் எட்டு கழிந்திருந்தது. மேடை, எண்பத்துநான்கு. வலப்புற மூலையில் ஒரு சிறு கட்டம் இருந்தது. அவர்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு தாளிலும் அந்தக் கட்டம் உண்டாம். முதல் படத்திலிருந்து எதையெல்லாம் மாற்றியிருக்கிறார்கள் என்று அதில் எழுதுவார்கள். பக்கத்திலேயே பொறுப்புள்ளவர் கையெழுத்திடுவார். டிரேசர் அந்தக் கட்டத்தைத் தொடக் கூடாது. பதின்மூன்று ஆண்டுகளில் அண்ணி ஒருமுறைகூட அதில் எழுதியதில்லை. இப்போது எழுதியிருந்தார்: ‘காலின் நீளம் சரிசெய்யப்பட்டது. பலகை நீக்கப்பட்டது. எல்லா உயரங்களிலும் 8 செ.மீ. கழிக்கப்பட்டது.’ தேதியும் போட்டிருந்தார். ஒற்றுப்பிழைகூட இல்லை; நான் பார்த்துவிட்டேன்.

தாளைக் கொடுக்கப் போன அன்றும் நான் உடன் இருந்தேன். அண்ணி அதைப் பொறுப்பாளரின் மேசைமேல் விரித்து, நான்கு மூலைகளிலும் எடை வைத்தார். மகன் வந்து நின்று பார்த்தார். கண்கள் கலங்கின, அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். நீட்டிய கையின் வளைவை, தோளை, மூக்கைப் பார்த்தார்.

"அப்படியே அப்பாவோட கோடு" என்றார்.

"மூலையில எழுதியிருக்கேன். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றார் அண்ணி. அவருடைய குரலில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. அறையிலிருந்த மூவருக்கும் தெளிவாகக் கேட்டது.

"உங்க கையில வந்ததை நான் படிச்சு வேற பாக்கணுமா?" என்றார் மகன். பேனாவைத் திறந்தார். அந்தச் சிறு கட்டத்துக்குப் பக்கத்திலேயே, எழுத்துகளுக்கு ஒரு விரல் இடைவெளியில், பெரிதாகக் கையெழுத்திட்டார். அவர் தந்தையும் அப்படித்தான் கையெழுத்திடுவாராம், பெரிதாக.

பொறுப்பாளர் தலைமேலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி மூலையைப் படித்தார். ஒருமுறை அண்ணியைப் பார்த்தார். பிறகு தாளைச் சுருட்டி உறையிலிட்டு, "அச்சுக்கு அனுப்பிடறேன் சார்" என்றார்.

புத்தகம் வெளிவந்து நான்காம் நாள் அவர் அண்ணியைத் தொலைபேசியில் அழைத்தார். மகன் கொதித்துப்போயிருக்கிறாராம். "உங்க கையெழுத்து இருக்கே சார்னு சொன்னேன். போனை வெச்சுட்டார்." வீட்டுத் துறையிலிருந்தும் கேட்டார்களாம், பழைய பதிப்புக்கும் புதியதற்கும் ஏன் வேறுபாடு என்று. "மூலையைப் படிங்கன்னு எழுதிட்டேன்மா. எண்பத்துநாலுலதான் கட்டப்போறாங்க."

அண்ணி, "சரிம்மா. உங்க வீட்டு மேடையையும் இடிங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

புத்தகம் தபாலில் வந்தபோது அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். பக்கத்தைப் பிரித்து, பழைய அளவுகோலை எடுத்து ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது. மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன அண்ணி, இன்னும் கோபமா?"

"இதை வரைய எனக்கு எட்டு நாள் ஆச்சு" என்றார். "அன்னைக்கு வரைஞ்சிருந்தா அரை நாள்."

எதிர்வீட்டில் யாரோ காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கத்தி மேடையில் படும் ஒலி கேட்டது. அண்ணி அதையே கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு என் அண்ணனைக் கூப்பிட்டு, நாளைக்கே ஒரு கொத்தனாரை வரச்சொல்லும்படி சொன்னார்.

"நாப்பது வருஷத்துக்கு அப்புறம் இப்ப எதுக்கும்மா?" என்றார் அண்ணன்.

அண்ணி சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு தாழ்ந்த குரலில் சொன்னார். அண்ணன் செய்தித்தாளை மடித்து வைத்தார். ஆனால் நடைப்பயிற்சிக்குப் போகவில்லை. கொத்தனாரைத் தேடிப் போனார்.